யாரங்கே என்றால் வருகிறவன்

மேடையில் இருக்கிற நாடக மன்றத் தலைவர் கண்ணுச்சாமி அண்ணாச்சி அவர்களே, எங்கள் நாடகங்களின் நிரந்தர ராஜா விக்னேஷ்வரன் அவர்களே, சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து முன்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிற ஐயா வீரணன் அவர்களே, ஷிப்டு முடிந்து தலையில் ஒட்டின பஞ்சோடு அப்படியே வந்திருக்கிற மில் தோழர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் பரோட்டா மாஸ்டர் ஐயாதுரையின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும் படித்தவர்கள். அவர்கள் பேசிய தமிழில் பாதி எனக்குப் புரியவில்லை. மூணாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பைத் தேடின நேரத்தில் ஜன்னல் வழியாக இறங்கியவன் நான். இன்னும் திரும்பிப் போகவில்லை. என் பேச்சில் குற்றம் குறை இருந்தால் அந்த வாத்தியாரைப் போய்க் கேளுங்கள்.

சிரிக்கலாம், தப்பில்லை. லிங்கேஸ்வரன் இருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பான்.

நம் லிங்கேஸ்வரன் போய்விட்டான். இருபத்தெட்டு வயசு. வேட்டியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்த வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்தவன் நான். 

இந்தப் பேனரைப் பாருங்கள். 'கலைச்சுடர் லிங்கேஸ்வரன்' என்று எம்புட்டுப் பெரிய எழுத்து. உயிரோடு இருந்தபோது எங்கள் நோட்டீஸ் எதிலாவது அவன் பெயர் வந்ததா? ராஜா பெயர் வரும். ராணி பெயர் வரும். காமெடி என்று என் பெயர்கூட ஒரு ஓரத்தில் வரும். கடைசியில் 'மற்றும் பலர்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்கிற சனங்கள், லாரி நிறைய ஆள் வருது என்று நினைத்துக்கொள்வார்கள். யார் அந்தப் பலர்? இவன் ஒருத்தன்தான். காவல்காரன் இவன். தூதன் இவன். தலை வெட்டுப்படுகிறவன் இவன். வெட்டுப்பட்ட பொறவு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சொந்தக்காரனும் இவன். நான் அவனைப் 'பலரே' என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏலே பலரே, எல்லாரும் சாப்ட்டாச்சா?"

"நாங்க எல்லாரும் சாப்ட்டோம் மாமா. நீங்க ஒருத்தருதான் பாக்கி."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுச்சாமி அண்ணாச்சி என் துண்டைப் பிடித்து இழுக்கிறார். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது. அண்ணாச்சி, துண்டு புதுசு. விட்ருங்க.

லிங்கேஸ்வரனைப் பெற்ற ஐயா வீரணன் பட்டாளத்தில் இருந்தவர். மகனையும் பட்டாளத்துக்கு அனுப்ப நினைத்தவர். அளந்து செய்த மாதிரி உயரம் அவனுக்கு. அவனோ ராஜபாளையத்துக்கு மில் வேலைக்கு வந்தான், எங்கள் மன்றத்தில் சேர்ந்தான். ஊரில் நாலு பேர், "ஒம்மவன் கூத்தாடுதானாமே" என்று ஐயாவிடம் கேட்டிருக்கிறார்கள். "ஆடுனா ராஜாவாத்தான் ஆடுதான்" என்று சொல்லியிருக்கிறார். மகன் பொய் சொல்லவில்லை. "ராஜா கூடவேதாம்ப்பா இருப்பேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தான். ஐயா அதைத் தன் மனசுப்படி எடுத்துக்கொண்டார். ஒரு நாடகத்துக்கும் அவர் வந்ததில்லை.

இன்றைக்கு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கண்ணுச்சாமி அண்ணாச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எம்மவன் ராஜா வேசம் கட்டுனானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிருதேன்."

உடனே மேடைக்குப் பின்னால் ஒரு மந்திராலோசனை நடந்தது. "பெத்த மனசு ஐயாதுரை. ராஜான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிரு" என்றார்கள் என்னிடம். எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள், கேட்டீர்கள். ஒருவர் 'கலையுலக மன்னன்' என்றார். இன்னொருவர் 'நடிப்புச் சக்கரவர்த்தி' என்றார். அந்த நேரம் நான் ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நம்பவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் பூமாலை வந்தால் பட்டாளத்து ஆளுக்குத் தெரியாதா?

ஐயா, நான் சொல்கிறேன். உங்கள் மகன் ராஜா வேசம் கட்டியதில்லை. ஒரு நாள்கூட இல்லை.

யாரும் எழுந்திரிக்க வேண்டாம். விக்னேஷ்வரா, உட்காருப்பா. ஐயா, நீங்களும் போகாதிய. வாசல் எங்கேயும் ஓடிப்போகாது. செத்த நேரம் உட்காருங்க. உட்கார மாட்டீர்களா? சரி. நின்றே கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டுத்தான் போகணும். மறைக்கிறார் என்று பின்னால் யாரும் சத்தம் போடாதீர்கள், அவர் நிற்கட்டும்.

ராஜா என்று சொல்லிவிட்டு இறங்க எனக்கு எம்புட்டு நேரமாகும்? ஆனால் அப்படிச் சொன்னால், இத்தனை வருஷம் ராஜாவுக்குப் பின்னால் அந்த இடத்தில் நின்றது யார்? யாருமே இல்லை என்று ஆகிவிடாதா?

அவன் கேட்காமல் இல்லை ஐயா. வருஷா வருஷம் ஆடியில் எங்களுக்கு வேசம் பிரிக்கிற நாள். வருஷா வருஷம் அவன் ராஜா வேசம்தான் கேட்டான். எல்லார் வசனமும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் குரல் அமையவில்லை. ஆள் பனைமரம், குரல் அணில். கோபமாகப் பேச ஆரம்பித்தால் கீச்சென்று மேலே போய்விடும். சனம் சிரித்துவிடும். "அடுத்த வருசம் பாப்போம்லே" என்று அண்ணாச்சி சொல்வார். அன்றைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வருவான்.  வெறும் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் மென்றுகொண்டே இருப்பான்.  இரண்டு மூன்று நாள் அப்படி ஓடும். பொறவு ஒரு நாள், "மாமா, சால்னா ஊத்துங்க" என்பான். கோபம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் ஒத்திகைக்கு முதல் ஆளாக நிற்பான்.

சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டான் என்று மேடையில் சொல்வது சுலபம். தாங்கவில்லை. வலித்தது. வலியோடு வந்தான்.

எங்கள் மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. ராஜாவுக்கு வசனம் மறந்துபோனால் முழிக்கக் கூடாது. "யாரங்கே" என்று கூப்பிட வேண்டும். காவல்காரன் வேல்கம்போடு வருவான். மறந்த வசனத்தைச் சேதி மாதிரிச் சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவான். சனத்துக்கு அதுவும் கதைதான். உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், இப்போது ஒரு ஆள் கிணற்றிலிருந்து தூக்கிவிடப்பட்டான் என்று. இந்த விக்னேஷ்வரனை எத்தனை தடவை தூக்கிவிட்டான் என்று விக்னேஷ்வரனே சொல்லட்டும். என்னையும்தான். காமெடியன் எதற்குய்யா "யாரங்கே" என்கிறான் என்று சனம் அதற்கும் சிரிக்கும்.

போன வருஷம் ஆடியில் வேசம் பிரிக்கும்போது லிங்கம் எழுந்து ராஜா வசனத்தைப் பேசிக் காட்டினான். பாதியில் கீச்சென்றது. விக்னேஷ்வரன் சொன்னான், "ஏலே லிங்கம், நீ ராஜாவா வந்தா எதிரி சிரிச்சே செத்துருவாம்லே." மன்றமே சிரித்தது. லிங்கம் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரமே ஆலங்குளம் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம். மூன்றாவது காட்சி. புலவருக்கு ராஜா தண்டனை சொல்ல வேண்டும். விக்னேஷ்வரன் கையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. வசனம் போய்விட்டது.

"யாரங்கே" என்றான்.

யாரும் வரவில்லை.

நான் சைடில் நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் லிங்கம் நிற்கிறான், வேல்கம்பைப் பிடித்துக்கொண்டு. ஒரு அடி எடுத்து வைத்தால் மேடை. காலை எடுக்கவில்லை. அண்ணாச்சி அந்தப் பக்கத்திலிருந்து, "போலே, போலே" என்று கையை ஆட்டுகிறார். இவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"யாரங்கே" என்றான் விக்னேஷ்வரன் மறுபடியும். ஆர்மோனியக்காரர் எதையோ வாசித்து ஒப்பேற்றுகிறார். பின்னாலிருந்து ஒருவன், "ராஜா, வீட்ல யாரும் இல்லையாம், நீயே போய்ப் பாரும்" என்று கத்துகிறான். விசில் பறக்கிறது.  "மாப்ள, போயிருலே. நாடகம் போச்சுலே" என்றேன். "நிக்கட்டும் மாமா" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் தடவை கூப்பிட்டான் பாருங்கள் விக்னேஷ்வரன். பயத்தில் குரல் கீச்சென்று மேலே போய்விட்டது. அச்சு அசல் லிங்கத்தின் குரல்.

லிங்கம் போனான். நேராக நின்று, "மன்னா, அரண்மனைச் சோற்றைத் தின்று அரண்மனையையே பாடிப் பழித்த அந்தப் புலவனை நாடு கடத்தத் தாங்கள் எண்ணியிருப்பதாக மக்கள் பேசிக்கொள்கிறார்கள்" என்று முழு வசனத்தையும் அலுங்காமல் எடுத்துக் கொடுத்தான். குனிந்தான், வந்துவிட்டான். நாடகம் ஓடியது. கைதட்டல் எல்லாம் ராஜாவுக்கு.

மறுநாள் கடையில் கேட்டேன். "ஏம்லே அம்புட்டு நேரம் நின்ன? பழி வாங்குனியா?"

"ஆமா மாமா. பழிதான். செத்த நேரம் நான் ராஜா, அவரு எங்கிட்டக் கையேந்தி நிக்காரு. நல்லாத்தான் இருந்துச்சு."

"பொறவு ஏன் போன?"

"அவரு மூஞ்சியப் பாத்தேன். அன்னைக்கு எல்லாரும் சிரிக்கையில எம்மூஞ்சி இப்படித்தான இருந்திருக்கும்னு தோணுச்சு. பாக்க முடியல மாமா. போயிட்டேன்." சொல்லிவிட்டு, "சால்னா ஊத்துங்க" என்றான்.

இந்த வருஷமும் ராஜா வேசம் கேட்டான். இந்த வருஷமும் இல்லை என்றார்கள். விக்னேஷ்வரன் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான் பாருங்கள். குனியாதப்பா. ஒன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நேற்று நீ என் கடையில் வந்து அழுததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டேனோ?

ஐயா, இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். எங்கள் நாடகம் பார்த்த சனமே, உங்களைக் கேட்கிறேன். ஐயாவைக் கொஞ்சம் பாருங்கள். குதிகால் இரண்டும் ஒட்டி, தாடை மேலே, பார்வை எதிர்ச் சுவரில். இந்த நிற்பை இதற்கு முன்னால் எங்கே பார்த்தீர்கள்? எங்கள் மேடையில், ராஜாவுக்குப் பின்னால். நான் அவனிடம் ஒரு தடவை கேட்டேன், "ஏலே, வசனமே இல்லாத காவல்காரனுக்கு எதுக்குலே இம்புட்டு வெறப்பு?" என்று. "எங்கப்பா இப்படித்தான் நிப்பாரு மாமா. கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்து நிக்கையிலகூட இப்படித்தான்" என்றான்.

எல்லையில் நீங்கள் காவல் நின்றீர்களே ஐயா, உங்கள் பெயர் எந்த நோட்டீஸில் வந்தது? கேட்கக் கூடாத கேள்விதான். தப்பாக இருந்தால் இறங்கியதும் என்னை அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நாடகம். துக்கத்துக்காக நிறுத்திவிடலாம் என்றார்கள். நிறுத்த மாட்டோம். நானும் விக்னேஷ்வரனும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அண்ணாச்சிக்கே இப்போதுதான் தெரியும், துண்டை மறுபடியும் இழுக்கிறார். மூன்றாவது காட்சியில் ராஜா "யாரங்கே" என்பான். யாரும் போக மாட்டோம். இரண்டாம் தடவையும் கூப்பிடுவான். போக மாட்டோம். சனம் முணுமுணுக்கும், எவனாவது விசிலடிப்பான். அடிக்கட்டும். எம்மவன் ராஜா வேசம் கட்டுனானா என்று கேட்டு வந்தீர்களே ஐயா. மேடை வெறிச்சோடிக் கிடக்கிற அந்த நேரத்தில், 'எவனாவது வந்து தொலைங்கலே' என்று உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள். அப்போது வருகிற ஆள், அதுதான் உங்கள் மகன் கட்டின வேசம்.

பொறவு நான் போவேன். வேல்கம்பு இனிமேல் என் கையில். காமெடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. எனக்கு உயரம் கிடையாது, தொப்பை உண்டு. படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரி செல்வலட்சுமி எல்லார் வசனத்தையும் வாசித்துக் காட்டுகிறாள், மாவு பிசைந்துகொண்டே நான் திருப்பிச் சொல்கிறேன். இந்த மன்றத்தில் இனி எவன் வசனம் மறந்து கூப்பிட்டாலும் ஒரு ஆள் வருவான். லிங்கேஸ்வரன் மேல் சத்தியம். நோட்டீஸில் என் பெயர் வேண்டாம். மற்றும் பலர் என்று போட்டால் போதும்.

ஐயா, முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடுகிறோம். நீங்கள் உட்கார மாட்டீர்கள், தெரியும். பக்கத்தில் நில்லுங்கள். மேடையிலிருந்து எனக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். உங்களைப் பார்த்துத்தான் நான் நிற்கணும்.