கொஞ்சம் தள்ளி நில்லுங்க

"நான் வரையுற படத்துக்கு முன்னாடி நிக்காதன்னு என்னையவே வெரட்டுறாங்கக்கா!"

மலைக்கிராமமான போளூருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் கத்திய கத்தலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். கத்தியவர் சட்டையெல்லாம் பெயிண்ட். பக்கத்தில் அவர் ஊர்க்கார அம்மா ஒருவர், மடியில் காய்கறிப் பையோடு.

"யாருப்பா வெரட்டுனது?"

"ஏரிப் பக்கம் புதுசா காபி கடை தொறக்குறாங்கல்ல, அந்தச் செவுத்துல காட்டுமாடு வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். வெள்ளனே போனவன் சோறு தண்ணி இல்லாம நிக்கிறேன். பெங்களூருக் காருல வந்து எறங்குன நாலு பேரு, 'அண்ணா, போட்டோல நீங்க விழுறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ங்கிறாங்க."

"கடைக்காரரு பாத்துக்கிட்டா இருந்தாரு?"

"அவருதான் மொதல்ல கையக் காட்டி ஒதுங்கச் சொன்னாரு! மாட்டுக்கு மேல 'நம்ம ஊர்க் கலைஞர்களை ஆதரிப்போம்'னு கொட்டை எழுத்துல எழுதச் சொன்னதும் அவருதான். கீழ ஒரு மூலையில என் பேரப் போட்டுக்கிறேன்னு கேட்டேன். படம் அசிங்கமாயிரும்னுட்டாரு."

"நீயும் வாய மூடிக்கிட்டு ஒதுங்கிட்டியாக்கும்?"

"ஒதுங்கிட்டேன். நாலு பேரும் செவுத்துல நல்லாச் சாஞ்சு நின்னாங்க. பெயிண்ட் இன்னும் காயலன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல."

"அய்யோ, படம் வீணாப் போயிருக்குமேப்பா!"

"போகட்டும்க்கா, நாளைக்கு வரைஞ்சுக்கிறேன். இத்தன வருசமா என் படம் இந்த மலைய விட்டு எறங்குனதில்ல. இன்னைக்கு நாலு முதுகுல ஏறி பெங்களூரு போகுது."