வலது கால் செருப்பு

கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்... நம்ம அனஸின் மச்சான் ஹனீபாவுக்கு நடந்தது இது.

சாயங்காலம் ஆறரை மணி. ஆளில்லாத ஒரு சந்து. ஊர், மொராக்கோவில் ஃபெஸ்.

துபாயில் தோல் பை விற்கும் கடையில் ஹனீபாவுக்கு வேலை. சரக்குப் பார்க்க முதலாளி அனுப்பியிருந்தார். மத்தியானமே வேலை முடிந்துவிட, பழைய நகரத்தைச் சுற்றக் கிளம்பினான். செம்புப் பாத்திரம் அடிக்கும் முற்றம்... டங், டங்! காது அடைத்தது. மருதாணிச் சந்தை. தோல் ஊறும் தொட்டிகள். புறா எச்சமும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். மூக்கில் வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினாவைக் கையில் திணித்தார்கள்.

அங்கேதான் அந்தக் குழந்தைச் செருப்பை வாங்கினான். மஞ்சள் தோல். ஜோடியும் உள்ளங்கையில் அடங்கும். தேங்காப்பட்டணத்தில் எட்டு மாத மகள்... அவன் இன்னும் நேரில் பார்க்காத மகள்.

திரும்பும்போது வழி தவறியது. சந்துக்குள் சந்து. தோளை உரசும் சுவர்கள். போனில் சிக்னல் இல்லை. கடைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். செம்புச் சத்தமும் நின்றது...

"ஏலே மக்கா... வழி தெரியல்லியா?"

ஹனீபாவுக்கு உயிர் வந்தது. நம்ம ஊர்ப் பேச்சு! நிலாவுக்குப் போனாலும் நம்மாள் ஒருத்தன் டீக்கடை போட்டிருப்பான் என்று சிரித்தபடியே திரும்பினான். நீள அங்கி. தலையை மூடிய கூம்புத் தொப்பி. உள்ளே முகம் தெரியவில்லை.

அந்நிய மண்ணில் ஊர்க்காரனைக் கண்டால் நமக்கு வாய் நிற்குமா? நீங்களாக இருந்தாலும் சொல்லியிருப்பீர்கள்.

"யாருக்க மவன்?"

சொன்னான்.

"வீடு எங்கன?"

"பள்ளிக்குத் தெக்க, ஐஸ் பிளாண்ட் சந்துல கடைசி வீடு காக்கா. பச்சைக் கேட்டு." அண்ணன் முறையில் 'காக்கா' என்றே கூப்பிட்டுவிட்டான்.

"ஆரெல்லாம் உண்டு?"

"பெஞ்சாதியும் பிள்ளையும்தான்."

"பிள்ளை எங்க உறங்கும்?"

ஒரு கணம் தயங்கினான். "கெழக்கு முறியில... ஜன்னலுக்குக் கிட்ட."

அந்த ஆள் முன்னே நடந்தார். கல் பாவிய தரையில் ஹனீபாவின் காலடி மட்டும்தான் கேட்டது.

ஒரு திருப்பம். சட்டென்று வெளிச்சம், கூட்டம், நகர வாசல்!

"இன்னா, உனக்க வழி. எனக்குள்ள வழிய நீ சொல்லியாச்சு."

நன்றி சொல்லத் திரும்பினால்... யாருமில்லை. பைக்குள் கையை விட்டான். ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. இடது கால்.

போன் அலறியது. வீடியோ காலில் மனைவி தஸ்ரின், சிரித்துக்கொண்டு.

"ஆளு வசம் குடுத்து விட்டா ரெண்டையும் விடப்பிடாதா? ஒத்தச் செருப்ப வச்சு நான் என்ன செய்ய?"

அவள் விரலில் மஞ்சள் செருப்பு ஆடியது.

"தஸ்ரின்... யாரு தந்தா?"

"உங்க கூட்டாளிதான். இப்பத்தான், கெழக்கு முறி ஜன்னல்ல வந்து 'மக்கா, மக்கா'ன்னு விளிச்சாரு. பிள்ளை நடக்கப் படிச்சதும் கூட்டிட்டுப் போக வாறேன்னாரு. நல்ல தமாசுக்காரரு... ஆனா என்ன, ஒரே புதினா வாடை!"

ஹனீபா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடி வந்தான். அந்த வலது கால் செருப்பைக் கடலில் எறிந்தான். விடிந்தபோது ஜன்னலுக்கு அடியில் ஈரத்தோடு கிடந்தது. கடைசியில் இரண்டையும் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. இன்றுவரை தரையில் இறக்கியதில்லை. பகலில் இடுப்பு, இரவில் இருவருக்கும் நடுவே. "காலு சுகமில்லியா?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். காலுக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் அனஸ் போயிருந்தபோது அலமாரியைத் திறந்து காட்டினார்கள். இடது செருப்பு வாங்கின அன்று போலவே சின்னதாக, புதுசாக இருந்தது. வலது செருப்பு...

மூன்று வயதுப் பிள்ளையின் அளவுக்கு வளர்ந்திருந்தது. அடித்தோல் தேய்ந்திருந்தது.