பன்னிரண்டாவது மூட்டை

ஸ்டோர் அக்கா: ஏத்துங்க, ஏத்துங்க! சுத்தியல் பெட்டி முதல்ல. அதுக்கு மேல ரம்பப் பெட்டி. உளிப் பெட்டி ஓரமா...

தச்சர்: இறக்குங்க!

ஸ்டோர் அக்கா: என்னது?

தச்சர்: ஏத்தினதை இறக்கச் சொன்னேன். லாரி மேல நிக்கிற மீசைக்காரரே, அந்தப் பக்கம் பிடிங்க... மெதுவா. ஆங், கீழ வைங்க.

ஸ்டோர் அக்கா: அண்ணே, மணி ரெண்டே கால். நாலு மணிக்கு மேல பாலத்துல லாரிய விட மாட்டாங்க. அப்புறம் என்னைக்குத் திறப்பாங்கன்னு திறக்கிறவனுக்கே தெரியாது. இப்பப் போய் இறக்குன்னா?

டிரைவர் ஹாரன்: அதான! நானும் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டேன்.

ஸ்டோர் அக்கா: நீ எப்பதான் அடிக்கல? பேரே ஹாரன்னு ஆயிப்போச்சு. உங்கம்மா வச்ச பேரு உனக்காவது ஞாபகம் இருக்கா?

டிரைவர் ஹாரன்: லைசென்ஸ்ல இருக்குக்கா. பாத்துச் சொல்லணும்.

தச்சர்: தங்கச்சி, விளையாட்டு இல்ல. யார் இப்படிக் கட்டினது?

ஸ்டோர் அக்கா: நான்தான். பதினெட்டு வருஷமா ஸ்டோர்ல இருக்கேன். எந்த ரேக்குல எதுன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். சுத்தியல் ஒரு பெட்டி, ரம்பம் ஒரு பெட்டி. என்ன தப்பு?

தச்சர்: ஸ்டோருக்குச் சரி. வெள்ள முகாமுக்குத் தப்பு.

ஸ்டோர் அக்கா: காலைல இருந்து பின்கட்டுல சாணை பிடிச்சுட்டு இருந்தவருக்கு இப்பத்தான் ஞானம் வந்துச்சாக்கும்?

தச்சர்: இப்பத்தான் பெட்டிய பாத்தேன். லாரி அங்க போய் நிக்குது. நாலு பெட்டி இறங்குது. சுத்தியல் பெட்டி முன்னால ஒரு க்யூ, ரம்பத்துக்கு ஒரு க்யூ, உளிக்கு ஒரு க்யூ. ஒரு மனுஷன் எத்தனை க்யூல நிப்பான்? ரம்பத்துக்கு நின்னா சுத்தியல் தீந்துடும். போன வார லாரில என்ன ஆச்சு தெரியுமா? ஒருத்தன் கையில மூணு சுத்தியல். இன்னொருத்தன் கையில ரம்பம் மட்டும். கடைசில நின்ன ஒருத்தருக்கு அரைக் கிலோ ஆணி. வெறும் ஆணி.

டிரைவர் ஹாரன்: ஆணிய வச்சுட்டு என்ன பண்ணாராம்?

தச்சர்: எண்ணிப் பாத்தாராம்.

டிரைவர் ஹாரன்: ஹா! நல்ல ஆளுதான்.

ஸ்டோர் அக்கா: சிரிக்காதடா. போன வார லாரியும் என் கைவேலைதான்.

தச்சர்: ...அது எனக்குத் தெரியாது தங்கச்சி.

ஸ்டோர் அக்கா: தெரிஞ்சா மட்டும் விட்டிருப்பீங்களா? தச்சர் சங்கத்துல ஒத்தாசைக்கு ஒரு ஆள் அனுப்புங்கன்னு கேட்டேன். ஒரு வாத்தியாரை அனுப்பி வச்சிருக்காங்க.

தச்சர்: அந்தக் கயிறை இப்படிக் கொடுங்க.

ஸ்டோர் அக்கா: என்ன, பேச்சை மாத்துறீங்க? சொல்லுங்க வாத்தியாரே, இப்ப என்ன செய்யலாம்?

தச்சர்: ஆளுக்கு ஒரு மூட்டை. தச்சன்னா அவன் மூட்டைல சுத்தியல், ரம்பம், ரெண்டு உளி, மரம் இழைக்க இழைப்புளி, மூலைமட்டம், டேப். வாங்கினவன் அப்படியே வேலைக்குப் போகலாம். பாக்கி வாங்க எங்கயும் ஓட வேண்டாம்.

ஸ்டோர் அக்கா: ஒண்ணே முக்கால் மணி நேரத்துல?

தச்சர்: நாளைக்குக் காலைல அங்க பள்ளிக்கூடக் கூரை வேலை ஆரம்பிக்குது. கையில சொந்தக் கருவி இருக்கிறவன் பேரைத்தான் எழுதுவாங்க. மத்தவன் வேடிக்கை பாத்துட்டு நிக்கணும். யோசிச்சுக்கோங்க.

ஸ்டோர் அக்கா: யோசிச்சாச்சு. ஹாரன், அந்த காலிச் சாக்கெல்லாம் எடுத்துட்டு வா. மீசை, பெட்டியப் பிரிங்க. முகாம்ல இருந்து வந்த லிஸ்ட் இதோ. தச்சர் பன்னெண்டு, கொத்தனார் ஒன்பது, தையல் ஏழு. பேர் இல்ல, கணக்கு மட்டும்தான்.

தச்சர்: சாக்கைத் தரையில வரிசையா விரிங்க. சீட்டுக்கட்டு போடுற மாதிரி நடந்துக்கிட்டே ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போவோம். கொத்தனார்ல ஆரம்பிங்க. கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம்...

டிரைவர் ஹாரன்: அண்ணே, இந்த மெஷின் ரம்பம் எந்தச் சாக்குல?

தச்சர்: எதுலயும் இல்ல. கரண்ட் இல்லாத ஊருக்குக் கரண்ட் ரம்பத்தை அனுப்பி என்ன பண்றது? தூக்கிக் காட்டிப் பயமுறுத்தலாம்.

ஸ்டோர் அக்கா: அதை இனாமாக் கொடுத்தவர் காரை விட்டு இறங்கவே இல்ல. ஜன்னல் வழியா நீட்டிட்டுப் போயிட்டார். கூடவே இதையும்... இது என்ன சுத்தியலா?

தச்சர்: கைப்பிடி இல்லாத சுத்தியல். கதவு காத்துல சாத்தாம இருக்க முட்டுக் கொடுக்கலாம். தூரப் போடுங்க.

ஸ்டோர் அக்கா: இரும்பு நல்லாத்தான இருக்கு?

தச்சர்: வீடு போன ஆள்கிட்ட போய் ஓட்டைச் சாமானை நீட்டக் கூடாது தங்கச்சி. நமக்கு ஆகாதது அவனுக்கு எப்படி ஆகும்?

டிரைவர் ஹாரன்: அக்கா, உங்க போன் அடிக்குது.

ஸ்டோர் அக்கா: இதோ... ஹலோ? ஆமா, ஸ்டோர்தான். சொல்லுங்க... ம்... ம்... எத்தனை மணிக்கு?... அவ்வளவு தூரமா?... ஆமா. ஆமா... அழாதீங்க. நான் பாத்துக்கறேன். வைங்க.

டிரைவர் ஹாரன்: யாருக்கா?

ஸ்டோர் அக்கா: முகாம் நர்சம்மா. லாரி எப்ப வரும்னு கேட்டாங்க.

டிரைவர் ஹாரன்: அதுக்கு எதுக்கு அழறாங்க?

ஸ்டோர் அக்கா: உன் ஹாரன் சத்தம் போன்ல கேட்டிருக்கும். வாயப் பாக்காம போய் முன் சீட்டைத் துடை. சேறா கிடக்குது.

டிரைவர் ஹாரன்: முன் சீட்டா? அதுல என் டிபன் கேரியர்தானக்கா வரும்.

ஸ்டோர் அக்கா: சொன்னதைச் செய்டா. அண்ணே... நீங்க சாப்டீங்களா?

தச்சர்: ஆச்சு.

ஸ்டோர் அக்கா: எப்ப ஆச்சு? காலைல ஏழு மணிக்கு கேட்டுல வந்து நின்னீங்க. நான் கிளவுஸ் கொடுத்தேன். அப்புறம் சாணைக்கல்லை விட்டு நீங்க நகரவே இல்ல.

தச்சர்: பசி இல்ல தங்கச்சி. இன்னும் தச்சர் வரிசை முழுசா பாக்கி...

ஸ்டோர் அக்கா: என் டப்பா அந்த மேஜை மேல இருக்கு. உக்காந்து சாப்பிடுங்க.

தச்சர்: மணி ஆகுது...

ஸ்டோர் அக்கா: சாப்பிடாத ஆளுக்கு என் கோடவுன்ல ஒரு ஆணி கூடக் கிடையாது. அஞ்சு நிமிஷம். நாங்க மூணு பேரும் சுத்தியல் போட்டுட்டு இருக்கோம். போங்க!

தச்சர்: அடேயப்பா. எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, இதே அதட்டல்.

ஸ்டோர் அக்கா: நல்ல பொம்பளையா இருப்பாங்க.

டிரைவர் ஹாரன்: அண்ணே, சாப்டுக்கிட்டே ஒண்ணு சொல்லுங்க. பாலம் தாண்டினதும் முகாமுக்கு எந்தப் பக்கம்? மேப்புல நேரா போகச் சொல்லுது.

தச்சர்: நேரா போகாத, லாரி புதைஞ்சிடும். இடது பக்கம் திரும்பு. தண்ணித் தொட்டி வரும். அதை ஒட்டியே போனா தரை கெட்டியா இருக்கும்.

டிரைவர் ஹாரன்: நீங்க எப்ப அங்க போனீங்க?

தச்சர்: ...கேள்விப்பட்டதுதான். சங்கத்துல பேசிக்கிட்டாங்க.

ஸ்டோர் அக்கா: சங்கத்துல எல்லாம் பேசுவாங்க. நீ வந்து இந்த உளியை எண்ணு.

தச்சர்: மீசை, ரம்பத்தைப் பல்லு உள்பக்கமா வச்சுக் கட்டுங்க... அட, கட்டிட்டீங்களா! பாத்தீங்களா தங்கச்சி, நான் சொல்றதுக்கு முன்னாடியே கட்டிட்டார். தச்சுக் கை மாதிரி இருக்கு.

ஸ்டோர் அக்கா: அவர் சும்மா கூடமாட ஒத்தாசைக்கு வந்தவர். பேச மாட்டார், வேலை செய்வார். அந்த வரம் எல்லாருக்கும் கிடைக்காது. இல்லையா ஹாரன்?

டிரைவர் ஹாரன்: என்னைய ஏன்க்கா இழுக்கிறீங்க? மணி மூணே கால். கொத்தனாரும் தையலும் ஏத்தியாச்சு.

ஸ்டோர் அக்கா: தச்சர் வரிசைல கடைசியா இழைப்புளி. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒன்பது, பத்து, பதினொண்ணு. பதினொண்ணுதானா? இருங்க. மறுபடி... பதினொண்ணு!

டிரைவர் ஹாரன்: காலைல வந்ததே பதினொண்ணா இருக்கும்.

ஸ்டோர் அக்கா: கேட்டுல நானே எண்ணி உள்ள விட்டேன். பன்னெண்டு. என் ஸ்டோர்ல ஒரு வாஷர் உருண்டு போனாக்கூட எனக்குத் தெரியும். டேய், வண்டில ஏதாவது...

டிரைவர் ஹாரன்: அக்கா! என்னையவா சொல்றீங்க?

ஸ்டோர் அக்கா: சீட்டுக்கு அடியில பாத்தியான்னுதான் கேட்டேன்.

டிரைவர் ஹாரன்: கேக்குற தினுசு தெரியாதா எனக்கு? ஏறிப் பாருங்க. ஸ்டெப்னி, கேரியர் எல்லாத்தையும் கொட்டிப் பாருங்க. வெள்ளத்துல போன ஊருக்கு இனாமா வண்டி ஓட்ட வந்தவனைப் பாத்து...

தச்சர்: அவரை விடுங்க.

ஸ்டோர் அக்கா: நான் ஒண்ணும் சொல்லலண்ணே, அவன்தான்...

தச்சர்: அவரை விடுங்கன்னேன். என் பையில இருக்கு. இந்தாங்க. சாணை பிடிச்சு, எண்ணெய் போட்டு, துணில சுத்தி... வச்சேன். எடுக்க... மறந்துட்டேன்.

ஸ்டோர் அக்கா: அவ்வளவுதான? ஈரம் படக் கூடாதுன்னு பையில வச்சிருப்பீங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஹாரன், மூஞ்சியத் தூக்காத. அக்கா கேட்டது தப்புதான். போய் வண்டிய எடு.

டிரைவர் ஹாரன்: ஒரு தடவை அடிச்சுக்கட்டுமா?

ஸ்டோர் அக்கா: அடிச்சுத் தொலை.

தச்சர்: பன்னெண்டாவது மூட்டையும் கட்டியாச்சு. மீசை, இதைப் பிடிங்க.

ஸ்டோர் அக்கா: மீசை, வாங்காதீங்க. மேல பதினொண்ணு போதும். அதைக் கீழ வைங்கண்ணே.

தச்சர்: ஏன்?

ஸ்டோர் அக்கா: வைங்கன்னா வைங்க.

தச்சர்: லிஸ்ட்ல பன்னெண்டு இருக்கு.

ஸ்டோர் அக்கா: இருக்கட்டும்.

தச்சர்: இருக்கட்டுமா? தங்கச்சி, பையில வச்சது நான். கோபம்னா என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். பன்னெண்டாவது ஆளு என்ன பாவம் பண்ணான்? நாளைக்குக் கூரை மேல பதினோரு பேர் ஏறுவாங்க. அவன் மட்டும் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணுமா?

ஸ்டோர் அக்கா: சத்தம் போடாதீங்க.

தச்சர்: போடுவேன்! போன வாரம் அவனுக்கு வெறும் ஆணி. இந்த வாரம் அதுவும் இல்லையா?

ஸ்டோர் அக்கா: எத்தனை ஆணி?

தச்சர்: நூத்தி அறுபத்து ரெண்டு!

டிரைவர் ஹாரன்: அப்ப, ஆணிய எண்ணிப் பாத்த ஆளு...

ஸ்டோர் அக்கா: அந்த மூட்டை மேல போகாதுண்ணே. முன் சீட்டுல போகும். ஒருத்தர் மடியில.

டிரைவர் ஹாரன்: அதுக்குத்தான் தொடைக்கச் சொன்னீங்களா!

தச்சர்: நான்... நான் சங்கத்துல இருந்து வந்தவன் தங்கச்சி. வேலை முடிஞ்சா கிளம்பிடுவேன். எனக்கு எதுக்கு...

ஸ்டோர் அக்கா: சங்கத்து ஆளு பதினோரு மணிக்கே வந்துட்டார். லாரி மேல நிக்கிறாரே மீசை, அவர்தான்.

தச்சர்: ...அப்பவே தெரியுமா?

ஸ்டோர் அக்கா: நீங்க சங்கத்து ஆளு இல்லைன்னு தெரியும். யாருன்னு தெரியாது. ஆனா சாணைக்கல்லுல உக்காந்திருந்த தோரணையப் பாத்தேன். அப்படி ஒரு ஆளை யாராவது எழுப்பி விசாரிப்பாங்களா?

தச்சர்: கை நீட்டத்தான் வந்தேன் தங்கச்சி. ஒரு இழைப்புளி, ஒரு சுத்தியல் கேக்கலாம்னு. நீட்டின கையில நீங்க கிளவுஸை மாட்டி விட்டுட்டீங்க. அப்புறம் எப்படிக் கேக்குறது?

ஸ்டோர் அக்கா: நல்ல வேளை கேக்கல. கேட்டிருந்தா உங்களை நாற்காலில உக்கார வச்சுட்டு, நான் பாட்டுக்கு சுத்தியல் பெட்டி, ரம்பப் பெட்டின்னு அனுப்பியிருப்பேன். பதினோரு பேர் மறுபடி க்யூல நின்னிருப்பாங்க.

டிரைவர் ஹாரன்: அண்ணே, ஏறுங்க. மூணே முக்கால். தண்ணித் தொட்டி கிட்ட இடது பக்கம்னு சொன்னீங்கல்ல, கூட உக்காந்தே காட்டுங்க.

தச்சர்: ஏறுறேன்பா... தங்கச்சி, ஒண்ணு மட்டும். இந்த மூட்டை எனக்குன்னு இப்பத்தான முடிவு பண்ணீங்க? ஆணிக் கணக்கை உளறின பிறகு?

ஸ்டோர் அக்கா: ரெண்டரை மணிக்கே பண்ணியாச்சு. அப்ப பேசினது நர்சம்மா இல்லண்ணே, நர்சம்மா போன்ல உங்க வீட்டம்மா. 'கருவி கேக்குறேன்னு விடியறதுக்கு முன்னாடி நடந்தே கிளம்பினார். ஆனா கேட்டிருக்க மாட்டார், அவருக்கு வாய் வராது. அங்க யாருக்காவது வேலை செஞ்சு கொடுத்துட்டு இருப்பார். கருவி அப்புறம் கொடுங்க, முதல்ல ஒரு வாய் சாப்பிட வைங்க'ன்னாங்க.