உள்ளே பூஜ்யம்

என் வலது கைப் பெருவிரல் நகம் ஒழுங்காக வளர்வதில்லை. நாலு வருஷமாகப் போன் பொத்தான்களை அழுத்தியதில் வந்தது. ஆனால் பேனா பிடிக்க முடியும். அதனால்தான் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும், அதுவும் முப்பத்தெட்டு வயதில் கற்றது. நீங்கள் கன்னடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், ஐயா.

என் பெயர் எத்திராஜ். வீடு சந்தாபுராவில். முன்பு கான்கிரீட் வேலை. முதுகு போன பிறகு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் தரை துடைத்தேன். அங்கே போனில் ஓடும் ப்ரோக்ராம்கள் செய்கிறார்கள். அவற்றை நாள் முழுக்க அழுத்திப் பார்க்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் ஷோபா மேடம் என்னை உட்கார வைத்தார்கள். ப்ரோக்ராம் நின்றுபோனால் தாளில் எழுத வேண்டும். என்ன செய்தேன், என்ன ஆனது, மறுபடி வந்ததா. மூன்று கட்டம்.

போன வருஷம், 2008 கடைசியில், கழிவுநீர்த் தொட்டிக்காக ஒரு ப்ரோக்ராம் வந்தது. அபார்ட்மெண்ட் தொட்டியில் ஆள் இறங்கும்போது மேலே இருக்கும் மேஸ்திரி அவன் பெயரைப் போனில் போடுவார். திரையில் 'உள்ளே 1' என்று வரும். பத்து நிமிஷத்தில் அவன் ஏறி வராவிட்டால் போன் கத்தும். நல்ல ப்ரோக்ராம்தான்.

அதில் ஒரு பிழை இருந்தது. முதல் மணியிலேயே நின்றுவிடும் மிஸ்டு கால் வந்தால், சில தடவை திரை 'உள்ளே 0' என்று திரும்பி வந்தது. ஏழு தடவையில் இரண்டு தடவை. எழுதிக் கொடுத்தேன். அந்த ப்ரோக்ராமை எழுதிய நோயல் சார் என் மேஜைக்கு வந்தார். சின்ன வயது, நல்ல பையன்.

"அண்ணா, கால் வந்தா ப்ரோக்ராம் தூங்கும். கால் முடிஞ்சா எழுந்துக்கும். அவ்ளோதான்."

"எழுந்துக்குது சார். உள்ள போனவன் பேரை மறந்துட்டு எழுந்துக்குது."

"மறந்தாலும் ப்ரோக்ராம் நிக்காது. பேர் காலியா இருந்தா ஆள் இல்லைன்னு எடுத்துக்கோன்னு எழுதி வெச்சிருக்கேன்."

"பேர் இல்லைன்னா ஆள் இல்லாமப் போயிடுவானா சார்?"

அவர் சிரித்தார். "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டீங்களா அண்ணா?" பக்கத்து மேஜைகளும் சிரித்தன. நான் குடிப்பதில்லை. அவர் நின்று பார்த்தபோது பத்து தடவை அழுத்தினேன், ஒரு தடவையும் வரவில்லை. அவர் கம்ப்யூட்டரிலும் வரவில்லை. மூன்றாவது கட்டத்தில் 'மறுபடி வரவில்லை' என்று எழுதி மூடினார். என் எழுத்துக்குக் கீழே அவர் எழுத்து.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம், உண்மையான தொட்டியில் சோதனை. நேரம் குறிக்க என்னை அனுப்பினார்கள். இறங்க வந்தவன் முனிராஜ். கான்கிரீட் வேலையில் என்னோடு சட்டி தூக்கியவன். இரண்டு பெண் குழந்தைகள்.

"டேய் எத்திராஜு, இந்த போன் என்ன பண்ணும்?"

"நேரமானா கத்தும்."

"எம் பொண்டாட்டியும் அதான்டா பண்றா. அவளுக்குப் பேட்டரிகூடப் போட வேணாம்." சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "பேரை இனிஷியலோட போடச் சொல்லு."

முன்பு தொட்டி வாயில் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். போன் வந்த பிறகு அந்த ஆளை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி மஞ்சுநாத் நாற்றம் தாங்காமல் பம்ப் ரூம் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

நாலாவது நிமிஷம் என் பையிலிருந்த போனில் அவர் நம்பரை அழுத்தி, ஒரு மணியில் நிறுத்தினேன். "யாரோ மிஸ்டு கால், பிடு, போகட்டும்" என்று போனைப் பெஞ்சில் வைத்தார். திரையை நான் பார்த்தேன். உள்ளே 0. முதல் தடவையிலேயே வந்துவிட்டது. குறித்துக்கொண்டேன்.

பத்து நிமிஷம் ஆனது. போன் கத்தவில்லை. எழுதினேன்.

பதினொன்றாவது நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தாமதமாகக் கத்துகிறதா, கத்தவே இல்லையா என்று இரண்டு இருக்கிறது. ஒரு நிமிஷத்தை வைத்து எழுதினால் மறுபடி சிரிப்பார்கள். பன்னிரண்டில் கீழே இருமல் கேட்டது. இருமலுக்குத் தாளில் கட்டம் இல்லை. பதிமூன்றில் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் சத்தம் இல்லை. சட்டை என் தோளில்தான் இருந்தது. பதினைந்து ஆனதும் மஞ்சுநாத்திடம் சொன்னேன். அவர் ஓடினார். நான் மூன்றாவது கட்டத்தில் 'வந்தது' என்று எழுதிவிட்டுப் போனேன்.

முனிராஜ் செத்தது தெரியாமல் நடந்தது என்று மஞ்சுநாத் உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மிஸ்டு கால் கொடுத்தது நான். பெயர் போனதைப் பார்த்தும் பேசாமல் நின்றது நான். முனிராஜ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அன்றைக்கு அவன் முறை, அவ்வளவுதான். யார் இறங்கியிருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

திங்கட்கிழமை நோயல் சார் பிழையைத் திருத்திவிட்டார். இப்போது பெயர் காலியானால் போன் உடனே கத்துமாம். என் மேஜைப் பக்கம் வந்தார், முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். இனி எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

திருத்தியதை இன்னும் மேஜையில்தான் சோதித்திருக்கிறார்கள். மேஜையில் சரியாக வருவது தொட்டியில் வராது, அதை நான்தானே காட்டினேன். யாராவது ஒருவரை இறங்கச் சொல்லுங்கள், ஐயா. நான் மேலே நின்று எழுதித் தருகிறேன்.