செத்தவையை ஏத்துற வள்ளம்

அந்தச் சுகிர்தன் வாத்தியார்தான் பிள்ளை, என்ர பிழைப்பில மண்ணள்ளிப் போட்டவர். வேற ஆரையும் நான் குற்றஞ்சொல்லேல்லை... இரு, இரு, சைக்கிளைச் சரிச்சு வை. இன்னும் ரெண்டுபேர் வந்தாத்தான் வள்ளம் வெளிக்கிடும். முந்தியெண்டா இந்த நந்திக்கடல் கரையில சனம் அடிபட்டு ஏறும். இப்ப பார், நீயும் நானும் கொக்குந்தான்.

வாத்தியார் இடம்பெயர்ந்து வரேக்க, மழைக்கை, அவரை முள்ளிவாய்க்கால் பக்கம் கொண்டுபோய் இறக்கினது ஆர்? இந்த இராயப்பு! தலைக்குப் போட என்ர சாக்கையும் குடுத்தனான். அதுக்கு மனுசன் கவிதை எழுதியிருக்கிறார். நவீன கவிதையாம்! தானே கூப்பிட்டு இருத்தி வாசிச்சுக் காட்டினவர். கிரேக்கத்தில ஒரு ஓடக்காரனாம், செத்தவையை ஆறு கடத்துறவனாம். கூலியைப் பிணத்தின்ர வாயுக்கையிருந்து எடுப்பானாம். எகிப்தில இன்னொருத்தன், பாபிலோனில இன்னொருத்தன்... மூண்டுபேரையும் ஒராளாக்கிப்போட்டு, பேரை மட்டும் இராயப்பு எண்டு வைச்சிருக்கிறார்.

"அண்ணை, வெளிநாட்டு எழுத்தாளர்மாரும் இப்பிடித்தான், பழைய நாடுகளின்ர கதையளை எடுத்துத் தங்கட காலத்து ஆக்களில ஏத்துறவை. இது உங்களுக்குப் பெருமை" எண்டார். என்ன பெருமை? நான் ஆரின்ர வாயுக்கை கைவிட்டனான், சொல்லு? அது பல்லுப் பிடுங்குறவன்ர வேலை. வள்ளத்தின்ர முன்பக்கம் அந்தோனியார் படம் இருக்கெல்லோ, அந்த இடத்தில எகிப்துக்காரற்ற நாய்த்தலைச் சாமி ஒண்டை வேற இருத்தியிருக்கிறார். பாதர் தீர்த்தம் தெளிச்ச வள்ளம், பிள்ளை!

சரி, நாய் இருந்திட்டுப் போகட்டும். ஏறின சனமெல்லாம் பிணமெண்டு எழுதலாமோ? நான் ஏத்தின ஒரு உயிரும் தண்ணிக்கை போனதில்லை. வாத்தியாரை ஏத்தின அண்டைக்கு, கூட வந்த பிள்ளைத்தாச்சி யூலிற்றாவுக்கு நடுத்தண்ணியில நோ வந்து, இந்தா, இந்தப் பலகையிலதான் நிரோசினி பிறந்தவள். வாத்தியார்தான் குடை பிடிச்சவர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு! அந்தக் குழந்தை கவிதையில எங்கை?

என்ன கேட்டனி? சனம் அதை வாசிச்சதோ? சீ... நெடுங்கேணியில ஆரோ கையால சுத்துற ரோணியோ மெசினில அடிச்ச புத்தகம். கடுதாசித் தட்டுப்பாட்டில பத்துப்பேருக்கும் காணாது. எனக்கும் வாசிக்கத் தெரியாது. அப்ப சனத்துக்கு எப்பிடித் தெரியுமெண்டோ? நான்தான் சொல்லுறனான். ஏற வாற ஆக்களெல்லாருக்கும், ஏற முந்தியே, ஒண்டும் விடாமல் சொல்லுவன். பிறகு என்னைப் பிழையா நினைக்கக்கூடாதெல்லோ? நல்லாக் கேக்குதுகள். கேட்டுப்போட்டு, வட்டுவாகல் பாலத்தால சுத்திப் போகுதுகள்...

எங்கை பிள்ளை, சைக்கிளை எடுக்கிறாய்? வெயில் ஏறமுந்திக் கொண்டுபோய் விடுவன்... ஓ. சரி, போ.

பிள்ளை! பள்ளிக்கூடத்தடியில வாத்தியாரைக் கண்டால் சொல்லு! அந்த வள்ளத்தில ஒரு பிறப்பு நடந்தது, அதை அவர் இன்னும் எழுதேல்லை எண்டு!