கடைசி இடத்துப் பெண்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தாய்மார்கள்.

“எம் பொண்ண பீரியடு பூரா தோப்புக்கரணம் போட வெச்சிருக்காரு கணக்கு வாத்தியாரு. இன்னா தப்பு பண்ணா அவ? எட்மாஸ்டராண்ட கேக்கத்தான் போறேன்.”

“தண்டனை இல்லக்கா. கம்ப்யூட்டருன்னு ஒரு மெஷினு எப்படி எண்ணுதுன்னு காட்டுனாராம். எம் பொண்ணு சொன்னா. நாலு புள்ளைங்கள வரிசையா ஒக்கார வெச்சி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவாராம். கடைசில இருக்கிற ஒம் பொண்ணு ஒவ்வொரு எண்ணுக்கும் எழுந்துக்கணும், இல்லன்னா ஒக்காரணும். அவ ஒக்கார்றப்போ மட்டும் பக்கத்துல இருக்கிறவ மாறணும். மொதல்ல இருக்கிறவ எட்டு வந்தாதான் எழுந்துக்குவா.”

“மொதல்ல யாரு?”

“எட்மாஸ்டரு பொண்ணு.”

கோட்டை மலை தெரிந்ததும் அந்த அக்கா மறுபடி கேட்டாள்.

“நெஜ மெஷின்லயும் இப்படித்தானா?”

“அப்படித்தான் சொன்னாராம்க்கா.”

செஞ்சியில் இறங்கியதும் அந்த அக்கா பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் நடந்தாள்.