சுவரில் விழுந்த ஆட்டம்

— திரை இருந்த எடத்துல இப்ப பனியன் மூட்டைதான் அடுக்கியிருக்குது. இங்க என்னத்தப் பாக்க வந்தே, அம்மிணி?

— மூட்டையப் பாக்க வரலீங்ண்ணா. இது தியேட்டரா இருந்தப்ப ஆபரேட்டரு நீங்கதானுங்களே. நான் பொங்கியண்ணன் மக மயிலாளுங்க.

— மெட்ராசுக்குப் போனவளா? கலர்ப் படத்துல ஆடுனேன்னு சொன்னயே.

— ஆடுனனுங்க. இங்க மொத மொதல்ல வந்த சினிமாஸ்கோப்புப் படம். ஆத்தங்கரைப் பாட்டுல மஞ்சப் பாவாடை கட்டியிருந்தேன். ஒசரமா இருக்கறேன்னு டான்ஸ் மாஸ்டரு வரிசைக் கடைசியில, எடது ஓரத்துல நிறுத்திப்போட்டாரு.

— செரி, அதுக்கென்ன இப்ப?

— என்ற தம்பி கிட்டுசாமி நாலு வாட்டி பாத்துட்டு, நீ அதுல எங்கயுமே இல்ல, பொய் சொல்லிப்போட்டு எங்கயோ கெட்டுப் போயிட்டேன்னு சொல்லிட்டானுங்க. இப்ப அவன் மக கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடல.

— சி.டி. வாங்கிப் போட்டுக் காட்டறது.

— காட்டுனனுங்க. டிவிக்குள்ள அடங்காதுன்னு ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டாங்க. பாட்டு இருக்குது, நான் இல்ல.

— இங்கயும் அதே கதைதான். மொதலாளி ஸ்கோப்பு லென்சு வாங்குனாரு, அகலத் திரை வாங்கல. படம் ரெண்டு பக்கமும் வழிஞ்சு சுண்ணாம்புச் சுவத்துல விழுந்துது.

— அப்ப சுவத்துலயாச்சும் நான் தெரிஞ்சிருக்கோணுமே.

— மொத ஆட்டத்துல தெரிஞ்சே. இடுப்புல கொடம் வெச்சிருந்தே. கேபின்ல இருந்து நான் பாத்தேன்.

— அப்பறம்?

— சுவத்துல படம் விழுந்தா கண்ணை உறுத்துதுன்னு ஒருத்தரு மொதலாளிகிட்டச் சொன்னாரு. அன்னைக்குச் சாயங்காலமே தார் அடிச்சாச்சு. அந்த மூட்டைக்குப் பொறகால பாரு, இன்னும் கறுப்பாத்தான் இருக்குது. உன்ற தம்பி அதுக்கப்பறந்தான் வந்திருப்பான்.

— இதை அவங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்ண்ணா. எங்கப்பனும் என்னைப் பொய்க்காரின்னு நெனச்சுட்டே போய்ச் சேர்ந்துட்டாரு. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

— வந்து சொல்றேன். ஆனா பொங்கியண்ணன் அப்படி நெனைக்கல, அம்மிணி.

— உங்களுக்கு எப்படீங்க தெரியும்?

— மொத ஆட்டத்துக்கு வந்து முன் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. படம் விட்டு எல்லாரும் போனாங்க, அவரு மட்டும் எந்திரிக்கல.

— அழுதாருங்களா?

— தெரியல. மொதலாளிகிட்டப் போய்ச் சொன்னதும், சாயங்காலம் தார் டின்னைத் தூக்கிட்டு ஏணி மேல ஏறுனதும் அவருதான்.